களத்தில் உள்ளதே படத்தில்

அந்த மனிதரின் உண்மைப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. எதை எழுதினாலும் 'பணிவன்புடன்' என்று முடிப்பார். அதனால் பணிவன்பு என்றே அவரைச் சொல்லிக்கொண்டோம். ஒருவன் நாள் முழுக்க உட்கார்ந்து வரைந்த ஏரியை ஒரே தட்டில் அழித்துவிட்டு, 'தங்கள் ஆர்வத்துக்கு நெஞ்சார்ந்த நன்றி' என்று எழுதுவார். அழிபட்டவனும் பதிலுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவான். முகத்துக்கு நேரே திட்டுகிறவனோடு எப்படியோ காலம் தள்ளிவிடலாம். இந்தத் தேன் ஒழுகும் ஆட்களைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் கூட்டம் இணையத்தில் ஒரு வரைபடம் வரைகிறது. சம்பளம் கிடையாது. யார் வேண்டுமானாலும் சேரலாம், ஒரு தெருவையோ கடையையோ சேர்க்கலாம், அடுத்தவர் சேர்த்ததைத் திருத்தலாம். நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். கடையில் ஈயோட்டும் மதிய நேரங்களில் பேருந்து நிறுத்தங்களைக் குறித்துவந்தேன். எங்களுக்கு வேதம் மாதிரி ஒரு விதி உண்டு: களத்தில் உள்ளதே படத்தில். நேரில் போனால் கண்ணில் படுவது படத்தில் இருக்கும், படாதது இருக்காது. போதாததற்கு ஒரு மரியாதைக் குழுவும் உண்டு. வீட்டில் காபி கொண்டுவந்து வைக்கிறவளுக்கு ஒரு நன்றி சொல்லியிருப்பார்களா என்று சந்தேகப்பட வைக்கிறவர்கள் எல்லாம் அதில் உறுப்பினர்கள்.

என் தங்கை பிசியோதெரபிஸ்ட். புருஷனை விட்டு வந்தவள். அவள் விட்டாளே தவிர அவன் விடவில்லை. முதலில் போன ஊரில் தேடி வந்து கதவை உடைத்தான். அடுத்த ஊரில் அவள் கையை உடைத்தான். கையை நம்பிப் பிழைக்கிறவள் அவள். கடைசியில் எங்கள் யாருக்கும் ஒட்டு உறவில்லாத ஓர் ஊரில், ஒரு முட்டுச்சந்தில், மாடிப்படிக்குக் கீழே அறை பிடித்தாள். ஒரு கட்டில், ஒத்தடப் பை, தோளைச் சுழற்றும் சக்கரம், வாசலில் ஒரு பலகை. பலகையில் புருஷன் பெயரை வெட்டிவிட்டு, அப்பாவின் முதலெழுத்தோடு தன் பெயர்.

"பேர் போடாதடி" என்றேன்.

"பேரையும் ஒளிச்சு வச்சுட்டு நான் எதுக்குக்கா இருக்கணும்? முட்டுச்சந்து. உள்ள வர்றவங்கதான் பாப்பாங்க."

அது சரிதான். பணிவன்பு அந்த ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிற வரைக்கும் சரிதான். சாப்பாடு செரிக்க நடந்தாராம், வழியில் கண்ட பலகையை எல்லாம் படம் பிடித்தாராம். தங்கை இருக்கும் முட்டுச்சந்தை நான் அவ்வப்போது படத்தில் எட்டிப் பார்ப்பேன். அன்றைக்குப் பார்த்தால் அவள் பெயர் முழுசாக மின்னுகிறது. தெருவில் தொங்கும் பலகையைத் தெருவில் நடக்கிறவன் பார்ப்பான். படத்தில் ஏறிவிட்டால், எங்கோ படுத்துக்கிடக்கிற புருஷன் அவள் பெயரைத் தட்டினால் போதும், வாசற்படிவரை வழி காட்டும்.

உடனே அழித்தேன். 'காரணம் குறிப்பிடாததால் மீட்டுள்ளேன். தங்கள் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. பணிவன்புடன்' என்று திரும்ப வைத்தார். அங்கே எழுதுவதை உலகமே படிக்கலாம், எழுதியவர் நினைத்தாலும் அழிக்க முடியாது. புருஷன் தேடுகிறான் என்று அங்கே எப்படி எழுதுவது? 'எடுங்கள், காரணம் கேட்காதீர்கள்' என்று எழுதி மறுபடி அழித்தேன். மறுபடி வைத்தார். 'உமக்கு வேறு வேலையே இல்லையா?' என்று கேட்டேன்.

அவ்வளவுதான், மரியாதைக் குழு கூடிவிட்டது. பெயர் இருக்கலாமா கூடாதா என்று ஒருவரும் பேசவில்லை. என் தொனியைப் பற்றித்தான் பேச்சு. 'தங்களுக்கு வேறு பணிகள் இல்லையா' என்று கேட்டிருக்கலாம் என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். மனம் புண்பட்டதாகச் சொன்னார் ஒரு பல் டாக்டர். அவருக்கும் இதற்கும் என்ன சம்பந்தமோ தெரியவில்லை. அந்த விவாதத்துக்குத் தலைப்பாக என் தங்கையின் பெயரையே வைத்திருந்தார்கள். பேசப் பேச அது தேடலில் மேலே மேலே வந்தது.

மானத்தை விட்டு, பணிவன்புக்குத் தனியாக எல்லாவற்றையும் எழுதினேன். கதவு, கை, எல்லாம். பதில் வந்தது: 'தங்கள் பகிர்வு நெகிழ வைத்தது. வெளிப்படைத்தன்மை கருதி இதையே பொது விவாதத்தில் பதிவிட்டால் அனைவரும் பரிசீலிக்க ஏதுவாக இருக்கும். மேலும், பலகை களத்தில் உள்ளதே! பணிவன்புடன்.' கடைக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"களத்துல இல்லேன்னா எடுத்துடுவாங்களா?"

"எடுத்துடுவாங்க. ஆனா நான் இன்னொரு தடவை கெஞ்சிப் பாக்கறேன்டி."

"நீ கெஞ்சி முடிக்கறதுக்குள்ள அவன் வந்துடுவான்" என்று திருப்புளியை எடுத்தாள்.

மூன்று திருகாணிகள் சுலபமாக வந்தன. நாலாவது அடம் பிடித்தது. உடைந்த கை அவளுக்கு இன்னும் முழுசாகத் திரும்பாது. நான் பிடுங்கிக்கொள்ளப் போனேன், விடவில்லை. கழற்றியதைத் துப்பட்டாவால் துடைத்து, எழுத்து கீழே இருக்கும்படி கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

வெறும் சுவரைப் படமெடுத்து அனுப்பினேன். 'களத்தில் பலகை இல்லை.' பல்லைக் கடித்துக்கொண்டு, 'பணிவன்புடன்' என்றும் சேர்த்தேன்.

தங்கை போட்ட டீ ஆறுவதற்குள் பெயர் போயிற்று. விவாதத்தையும் தலைப்போடு எடுத்துவிட்டார்கள். பணிவன்பு எழுதினார்: 'நேர்த்தியான கள ஆய்வுக்கு நன்றி. இந்த இனிய தொனி முதலிலேயே இருந்திருந்தால் இத்தனை மனக்கசப்பு வந்திராது. தங்கள் படத்தில் நான்கு துளைகள் தெரிகின்றன. புதிய பலகை மாட்டினால் தெரிவியுங்கள், உடனே சேர்த்துவிடுகிறேன். பணிவன்புடன்.' கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள்.

தங்கை அதை என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள். உள்ளே போய்ப் பற்பசையை எடுத்துவந்து, துளை ஒவ்வொன்றிலும் பிதுக்கிக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். சுவர் வெள்ளை, பற்பசையும் வெள்ளை. நன்றாகவே பொருந்தியது.

நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வாராவாரம் வரும் முட்டிவலி அம்மா கைத்தடியோடு சந்துக்குள் வந்தாள். சுவரைப் பார்த்தாள். எதிர்ச்சுவரைப் பார்த்தாள். பிறகு சந்தே அதிரும்படி என் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"போர்டைக் காணோமேம்மா! காலி பண்ணிட்டியா?"

தங்கை எழுந்து ஓடி, கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"இங்கதான் இருக்கேம்மா. உள்ள வாங்க. பேரைச் சொல்லாதீங்க."