அவளைத் தவிர எல்லோருக்கும்

தன் புற்றுநோய் குடலோடு நிற்கவில்லை என்பதைப் பட்டாசு தெரிந்துகொண்டது ஒரு பிரார்த்தனையின் நடுவில்.

பட்டாசு என்பது கடைத்தெரு வைத்த பெயர். செல்போன் பழுதுபார்க்கும் சின்னக் கடை அவளுடையது. வாளித் தண்ணீரில் போட்ட போனை நீட்டி, "தானா நின்னு போச்சு" என்று புளுகுகிறவர்களிடம் அவள் வெடிக்கும் வெடியில் வந்த பெயர். பெருங்குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. "எல்லாத்தையும் எடுத்தாச்சு, இனிமே ஒண்ணுமில்ல" என்று அண்ணன் சொன்னான். கணவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அவள் நம்பினாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டு முன்னறையில்தான் கூட்டம். வாடகை நாற்காலிகள் போதாமல் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிரார்த்தனையை நடத்தியது சலவைக்கடை அக்கா. வாரம் முழுக்க மற்றவர்கள் துணியைத் தேய்த்துக் கொடுப்பவள்; கூட்டத்தில் கண்ணை மூடிவிட்டால் தெருமுனை வரைக்கும் கேட்கும் குரல்.

"ஆண்டவரே, இந்தத் தங்கச்சியப் பாரும். குடல்ல இருந்ததை எடுத்தாச்சு. பக்கத்துல ரெண்டு நிணநீர் முடிச்சுல பரவியிருக்கே, அதையும் நீரே இல்லாமப் பண்ணும். ஆறு மாசம் டிரிப் ஏறப்போகுது, அதைத் தாங்குற தெம்பைக் கொடும்..."

பட்டாசு கண்ணைத் திறந்தாள்.

"எந்த முடிச்சு?"

அக்காவின் குரல் பாதியில் நின்றது. பட்டாசு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி சேலை நுனியைத் திருகினாள். ஒருத்தர் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். அவள் கணவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்குத்தான் வாங்கி மாட்டியதைப் போல.

"எந்த டிரிப்புன்னு கேக்குறேன்!"

"அது வந்தும்மா..." அண்ணன் எழுந்தான். "நீ டென்ஷன் ஆகாத. தையல் இன்னும் ஆறல."

"என் வயித்துத் தையலை நான் பாத்துக்கறேன். எல்லாரும் கிளம்புங்க."

அவர்கள் கிளம்பிய வேகத்தில் ஒரு நாற்காலி உருண்டது. அதை யாரும் நிமிர்த்தி வைக்கவில்லை.

சமையலறையில்தான் எல்லாம் வெளியே வந்தது. ஆய்வக முடிவு வந்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அண்ணனும் கணவரும் மட்டும் டாக்டரைப் போய்ப் பார்த்திருந்தார்கள். அவளிடம் சொல்லியாக வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருக்கிறார். அவளுக்கு மனசு பலவீனம், நாங்கள் பக்குவமாகச் சொல்கிறோம் என்று இவர்கள் தவணை வாங்கி வந்திருக்கிறார்கள். பிறகு, பிரார்த்தனை செய்யட்டுமே என்று கணவர் சலவைக்கடையில் போய்ச் சொல்லியிருக்கிறார். தெருவுக்கே தெரிந்துவிட்டது.

"எனக்கா மனசு பலவீனம்?" என்றாள் பட்டாசு. "நான் வாயத் தொறந்தா நீங்க ரெண்டு பேரும் மொட்டை மாடிக்கு ஓடுறீங்க. யாருக்குய்யா பலவீனம்?"

"உன் நல்லதுக்குத்தாம்மா செஞ்சோம்" என்றான் அண்ணன். இன்சூரன்ஸ் ஏஜெண்டு அவன். குரலில் எப்போதும் ஒரு பாலிசி விற்கும் பதம் இருக்கும். "ஆறு மாசம் முழுசா மருந்து ஏத்திடுவோம்னு முடிவு பண்ணிட்டோம். தெம்புக்கான ஊசின்னு உன்கிட்ட சொல்லிக்கலாம்னு..."

"தெம்பு ஊசியா? முடி கொட்டி, வாந்தி எடுத்து, அப்பவும் தெம்பு ஊசின்னா சொல்லியிருப்ப? நான் என்ன வாயில விரல் வச்சாக் கடிக்கத் தெரியாத பாப்பாவா?"

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். அவரிடம் கத்தவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"இவன் எப்பவும் இப்படித்தான். எனக்குக் கல்யாணம் பேசறப்பவே என்னைக் கேக்காதவன். நீங்க எப்படிங்க? தினம் என் பக்கத்துல படுத்துக்கிட்டு எப்படிங்க வாய மூடிட்டு இருந்தீங்க?"

அவர் ஒரு குடோனில் சரக்குக் கணக்குப் பார்ப்பவர். அதிர்ந்து பேசாதவர். "சொன்னா நிஜமாயிடும்போல இருந்துச்சு" என்றார். அவளுக்கு அது புரிந்தது. புரிந்ததில் கோபம் இன்னும் ஏறியதே தவிர இறங்கவில்லை.

மறுநாள் காலை, வேண்டாம் என்று அவர் கெஞ்சக் கெஞ்ச, கடையைத் திறந்தாள். உருப்பெருக்கிக்குக் கீழே ஒரு போனைப் பிரித்துப் போட்டாள். எறும்புத் தலை அளவுத் திருகாணிகள். சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து அட்டையில் வரிசையாக வைப்பது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. அன்று ஒன்று தெறித்து எங்கோ போனது. குனிந்து தேட வயிறு இடம் கொடுக்கவில்லை. மேசையை ஓங்கி அடித்தாள். வைத்ததெல்லாம் எகிறிக் கலந்தது.

அப்போதுதான் சலவைக்கடை அக்கா உள்ளே வந்தாள்.

"உனக்குத் தெரியும்னுதான் நெனச்சேன் தங்கச்சி. சத்தியமா."

"என் வியாதிக்கு ஒலிபெருக்கி வச்சுட்டு இப்ப சத்தியம் வேறயா?"

"தப்புதான்."

"உங்க ஆண்டவர்கிட்டயே கேளுங்க. கைசுத்தமா உழைச்சுச் சாப்புடறவ நான். கலப்படம் பண்றவன், ஊரை அடிச்சு உலையில போடறவன் எல்லாம் கல்லு மாதிரி இருக்கான். என் குடல்தான் கிடைச்சுதா அவருக்கு? சோதிக்கிறார், அன்பு இருக்கறதாலதான்னு மட்டும் சொன்னீங்க, இந்த ஸ்க்ரூ டிரைவர் பறக்கும்."

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் அப்படிச் சொல்ல மாட்டேன். என் புருஷன் செத்தப்ப அதைச் சொன்னவங்கள நானே வெரட்டி விட்டிருக்கேன். நீ கேக்கறதுக்கு என்கிட்ட பதில் கிடையாது. திட்டணுமா, திட்டு. அவரையும் சேத்துத் திட்டு. நான் போகப் போறதில்ல."

பட்டாசு திட்டினாள். வாடிக்கையாளர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே போனார். தொண்டை கட்டியபோது அக்கா கேட்டாள்: "சரி, நான் எதுக்குத்தான் பிரார்த்தனை பண்ணட்டும்?"

"ஒண்ணுத்துக்கும் வேணாம். என்கூட டாக்டர்கிட்ட வாங்க. நான் கேக்க மறந்ததை நீங்க கேளுங்க. குரல்தான் இருக்கே."

கணவரும் வந்தார், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அண்ணனுக்குச் சொல்லவே இல்லை.

டாக்டர் ஒல்லியான மனிதர். அவளையே பார்த்துப் பேசினார். "ஆபரேஷனோட நிறுத்திட்டு, அப்பப்ப ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கலாம். அப்படின்னா உங்களை மாதிரி நூறு பேர்ல அம்பது பேருக்குத் திரும்பி வராது. மாத்திரை மட்டும் சாப்பிட்டா அது அறுபத்தஞ்சு. மாத்திரையோட டிரிப்பும் ஏத்தினா எழுபது, அதுக்கு ஒண்ணு ரெண்டு கூட."

"அந்த டிரிப் என்ன பண்ணும்?"

"முடி அவ்வளவா கொட்டாது. ஆனா விரல் நுனியும் பாதமும் மரத்துப் போகும். சில பேருக்கு அப்புறம் சரியாகும். சில பேருக்கு முழுசா ஆகறதில்ல."

பட்டாசு தன் கைகளை மேசையில் வைத்தாள். "இந்தக் கையாலதான் நான் சோறு திங்கறேன் சார். சாப்பிடறதைச் சொல்லல, பொழப்பைச் சொல்றேன்."

"என்ன வேலை?"

சொன்னாள். டாக்டர் அவள் விரல்களைப் பார்த்தார். "உங்க வீட்டுல அதை யாரும் என்கிட்ட சொல்லலையே" என்றார். கணவர் தரையைப் பார்த்தார்.

அக்கா கேட்டாள், ஆஸ்பத்திரி என்பதால் பாதிக் குரலில்: "ஆறு மாசம் கட்டாயமா ஏத்தணுமா சார்?"

டாக்டர் பட்டாசிடமே சொன்னார்: "உங்க நிலைமைக்கு மூணு மாசம் ஏத்தினாலே பலன் கிட்டத்தட்ட அதேதான். ஆறு மாசம்னு உங்க அண்ணன்தான் பிடிவாதமா நின்னார். விரல் ரொம்ப மரத்தா டிரிப்பை நடுவுல நிறுத்திட்டு, மாத்திரையை மட்டும் தொடரலாம். முடிவு நீங்க சொல்லுங்க."

அன்று வீட்டில் அண்ணன் காத்திருந்தான். யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"மூணு மாசமா? உயிர் விஷயத்துல பேரம் பேசுவியா? போன் போனா இன்னொரு தொழில். உயிர் போனா?"

"உனக்கு உயிர்தான் தெரியும். அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்னு என்னிக்காவது யோசிச்சியா?"

"அப்பா அம்மா இருந்திருந்தா..."

"அவங்க பேரைச் சொல்லி என் வாயை அடைக்காத. நீ கிளம்பு. மருந்து ஏத்தற அன்னிக்குக்கூட வராத."

அண்ணன் கணவரைப் பார்த்தான். "மாப்ள, நீங்களாவது சொல்லுங்க."

கணவர் எழுந்து வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய சண்டை அதுதான். அண்ணன் முணுமுணுத்தபடி போனான்.

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்றாள் பட்டாசு, கதவு மூடியதும். "பூசி மெழுகாம சொல்லுங்க."

"எனக்கு நீ இருக்கணும். கை எப்படி இருந்தாலும் இருக்கணும்." அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வேலை இல்லாம நாள் பூரா உக்காந்து என்னைத் திட்டினாக்கூடப் பரவால்ல."

"அதுக்கு ஆறு மாசமெல்லாம் தேவையில்ல. இப்பவே தயாரா இருக்கேன்." அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் அழுகையாகவும் மாறியது. அழுததற்காகவும் அவர்மேல் எரிந்து விழுந்தாள்.

இரண்டு நாள் யாரையும் பேசவிடவில்லை. அறுபத்தைந்தையும் எழுபதையும் மனசுக்குள் மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்தாள். விரலுக்காக எழுபதை விட மனம் வரவில்லை; எழுபதுக்காக விரலை மொத்தமாகக் கொடுக்கவும் மனம் வரவில்லை. மூன்றாம் நாள் டாக்டரிடம் போய்ச் சொன்னாள்: மூன்று மாதம், டிரிப்போடு. திருகாணியைப் பிடிக்க முடியாமல் போகிற அன்று டிரிப் நிறுத்தப்படும்.

முதல் டிரிப் ஏறிய மறுநாள் குளிர்சாதனப் பெட்டிக் கதவைத் தொட்டதும் ஷாக் அடித்ததுபோல விரல் சுண்டி இழுத்தது. இரண்டாவதில் குளிர்ந்த தண்ணீர் தொண்டையில் ஊசியாக இறங்கியது. மூன்றாவதுக்குப் பிறகு ஒருநாள், சாமணத்தில் திருகாணி இருக்கிறதா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். நான்காவதை வேண்டாம் என்றாள். மீதி மாத்திரையை மட்டும், வாயெல்லாம் புண்ணாகிக் கொப்பளிக்கவும் முடியாமல், விழுங்கி முடித்தாள்.

டிரிப் ஏறிய நாளெல்லாம் சலவைக்கடை அக்கா பக்கத்தில் இருந்தாள். வாய்விட்டுப் பிரார்த்திக்கவில்லை, உதடு மட்டும் அசையும். "என்ன கேக்குறீங்க?" என்று ஒருமுறை பட்டாசு அதட்டினாள். "உன்னைப் பத்தி நான் சொல்றதெல்லாம் சொல்லிட்டேன். இன்னிக்கு என் மூட்டு வலியைச் சொல்லிட்டிருக்கேன்" என்றாள் அக்கா. பட்டாசு அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள்.

ஒரு வருட ஸ்கேனில் எதுவும் இல்லை. கணவர் ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்து அழுதார். விரல்களில் உணர்வு முக்கால்வாசி திரும்பியிருந்தது, இடது கைச் சுண்டுவிரலும் மோதிர விரலும் மட்டும் இன்னும் யாருடையவோ மாதிரி இருந்தன. திரை மாற்றுவது, பேட்டரி மாற்றுவது எல்லாம் பழையபடி செய்தாள். நுணுக்கமான பற்றவைப்பு வேலை வந்தால் பக்கத்துத் தெருக் கடைக்கு அனுப்பினாள். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் வாடிக்கையாளரிடம் காரணமில்லாமல் வெடித்தாள்.

ஸ்கேன் முடிவு தெரிந்ததும் அண்ணன் போன் செய்தான். "பாத்தியா, கடவுள் கைவிடல."

"அவரோட எனக்கு இன்னும் கணக்குத் தீரல. அதை நானும் அவரும் பேசிக்குறோம்" என்றாள் பட்டாசு. "உன்கிட்ட நான் எதிர்பார்த்தது 'தப்புதான்'னு ஒரே ஒரு வார்த்தை. அது உன் வாயில வரலைன்னா போனை வை, கடையில ஆள் நிக்குது."

அவன் வைத்துவிட்டான்.

அவள் காத்திருந்தவரிடம் கையை நீட்டினாள். "தண்ணியில போட்டீங்களா? உண்மையைச் சொல்லுங்க."