செயலாளர் முத்துலிங்கத்தின் விழிப்புணர்வு

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருக்கும் முத்துலிங்கத்துக்கு மைக் என்றால் உயிர். கோயில் திருவிழாவோ மரண வீடோ, நாலு வார்த்தை பேசாமல் நகரமாட்டார். அந்த நாலு வார்த்தையையும் முதலில் வீட்டில் கேட்டுத் தொலைப்பது மனைவி சண்முகவடிவின் தலைவிதி. கல்யாணமான புதிதில் அவளுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. இப்போது ரொட்டி தட்டிக்கொண்டே ‘ம்’ கொட்டுவதோடு சரி.

மகன் மயூரதன் சாதாரண தரப் பரீட்சை எழுதும் வகுப்பில் படிக்கிறான். கூடப் படிக்கும் கேதீஸ்வரி அக்கரப்பத்தனை பஸ்ஸில் வாயைத் திறந்தபடி தூங்கியதைப் படம் பிடித்து, வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கினான். பையன்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ருசித்துவிட்டதால், அவள் பெயரிலேயே பேஸ்புக்கில் ஒரு போலிக் கணக்கைத் திறந்து, அவளே எழுதுவதுபோல் அசிங்கம் அசிங்கமாக எழுதினான். அவள் அம்மா காளியாயி கொழுந்து பறிக்கிறவள். மலையில் கூட நின்றவர்கள் போனை நீட்டிக் காட்டித்தான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. கேதீஸ்வரி பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள்.

யார் செய்தது என்று கண்டுபிடித்தவர் வகுப்பாசிரியை கமலேஸ்வரி. யாழ்ப்பாணத்துக்காரர். முத்துலிங்கத்தையும் சண்முகவடிவையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“உங்கட மகன்தான் செய்தவர். அந்தப் பிள்ளை சாப்பிடுறதும் இல்லையாம். நீங்கள் என்ன செய்யப் போறியள்?”

முத்துலிங்கம் பெரிய மனிதத் தோரணையில் சிரித்தார். விளையாட்டுப் பிள்ளைகள், கணக்கை அழித்தாயிற்று, பரீட்சை வருகிற நேரத்தில் பையன் பெயர் வெளியே வந்தால் எதிர்காலமே கெட்டுவிடும் என்றார். பிறகு பள்ளிக்கூட அதிபரைத் தனியாகப் பார்த்து, யார் பெயரும் சொல்லாமல் எல்லாப் பெற்றோருக்கும் பொதுவாக ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தால் போதும் என்று முடித்துக்கொண்டு வந்தார். பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர் அவர்தான். ஆகவே பேச்சாளரும் அவரேதான்.

சண்முகவடிவும் அதற்கு ஒத்துப்போனாள். மகன் பெயர் கெடக்கூடாது என்ற ஆசை அவளுக்கும் இருந்தது.

கூட்டத்துக்கு முதல் நாள், பேச்சை முணுமுணுத்தபடியே முத்துலிங்கம் குளிக்கப் போனார். நோர்வூட்டில் இருக்கும் தங்கையோடு பேச அவருடைய போனை எடுத்தாள் சண்முகவடிவு. அவருடைய கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குழு திறந்து கிடந்தது. தூக்கம் தூக்கமாக வருகிறது என்று ஒருவர் எழுதியிருக்க, அதற்கு முத்துலிங்கம் அனுப்பியிருந்தது கேதீஸ்வரி பஸ்ஸில் தூங்கும் அந்தப் படம். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். மேலே தள்ளத் தள்ள அந்தப் பிள்ளையின் முகம் வந்துகொண்டே இருந்தது.

அவர் குளித்துவிட்டு வந்ததும் கேட்டாள்.

“அது யாரு மூஞ்சின்னு அவனுங்களுக்குத் தெரியவா போகுது? சும்மா ஒரு சிரிப்புக்குத்தான்” என்று தலையைத் துவட்டினார்.

அந்தத் தொந்தியையும் துவாயையும் பார்க்கப் பிடிக்காமல் அவள் அடுப்படிக்குப் போனாள். மகன் இதை எங்கே படித்தான் என்று இனி யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. காளியாயி வேலைக்குப் போகாமல் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். முத்துலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். சில வீடுகளில் வளர்ப்பே சரியில்லை, தாய்மார் பிள்ளைகளைக் கவனிப்பதில்லை, பொம்பளைப் பிள்ளைகளும் அடக்கமாக இருக்கப் பழக வேண்டும் என்று அடுக்கினார். கைதட்டலும் கிடைத்தது. அப்போதுதான் சண்முகவடிவு எழுந்தாள்.

“அந்தப் புள்ளை படத்தைப் போட்டது எங்க மகன் மயூரதன். அதைக் கூட்டாளிங்களுக்கு அனுப்பிச் சிரிச்சது இந்தா பேசுறாரே, இவரு. தெரிஞ்சும் மூடி வச்சதுல நானும் சேத்தி.”

வாழ்க்கையில் முதல் தடவையாக முத்துலிங்கம் தானாகவே மைக்கைக் கீழே வைத்தார். அதுவரை கைதட்டிய பெற்றோர் பலர் அவசரமாகக் குனிந்து தங்கள் போனைத் தடவினார்கள். எதை அழிக்கிறார்கள் என்று கேட்கவே வேண்டாம். காளியாயி நன்றி சொல்லவில்லை, அழவுமில்லை. எழுந்து வெளியே போய்விட்டாள்.

அன்று பின்னேரமே மகனை இழுத்துக்கொண்டு காளியாயியின் லயத்து வீட்டுக்குப் போனாள் சண்முகவடிவு. மயூரதன் நிலத்தைப் பார்த்து மன்னிப்பு என்று ஏதோ முனகினான். வாசலில் நின்ற கேதீஸ்வரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எங்கிட்ட எதுக்குச் சொல்ற? யார் யார் போன்ல கெடக்கோ அவங்ககிட்டப் போயி அழிக்கச் சொல்லு.”

போனான். சண்முகவடிவு விடவில்லை. வீடு வீடாகக் கேட்டான். சிலர் அழித்தார்கள். சிலர் அவன் கெஞ்சுவதையே வீடியோ எடுத்துப் பரப்பினார்கள்.

அதைக் கண்டதும், உடனே போலீசுக்குப் போக வேண்டும், பிள்ளை மனசு என்ன பாடுபடும் என்று குதித்தவர் முத்துலிங்கம். சண்முகவடிவு அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தானே கமலேஸ்வரி டீச்சரிடம் போய் அந்த வீடியோவையும் நிறுத்தச் சொன்னாள். தன் மகனுக்கு நடந்தாலும் அது அதே அசிங்கம்தான்.

அடுத்த தவணைக்குப் பள்ளிக்கூடம் திறந்ததும் கேதீஸ்வரி வந்தாள். மயூரதனோடு அவள் பேசுவதில்லை. சண்முகவடிவு அவளை வழியில் கண்டு நின்றால், தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கடந்து போகிறாள்.