எடுத்தால் கட்டாகிவிடும்

கூடத்து மேசையைச் சுவரோரமாகத் தள்ளினால்தான் கிழவியைக் கிடத்த இடம் வரும் என்று ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் தூக்கினார்கள்.

"வயரப் பாத்து, வயரப் பாத்து."

அம்மா போன பிறகு மகன் பேசிய முதல் பேச்சு அது. அடுக்களை வாசலில் நின்ற மருமகளுக்குத்தான் அது உறைத்தது. மற்றவர்கள் காலைத் தூக்கி வைத்து, கறுப்பு வயரைத் தாண்டிப் போனார்கள். கூடத்து டெலிபோனிலிருந்து கிளம்பிய அந்த வயர், சுவரடியில் ஆணி ஆணியாக ஓடி, மாமியாரின் அறை வாசலைக் கடந்து, கடைசி அறைக் கதவுக்குக் கீழே நுழைந்துவிடும். அங்கேதான் அவனுடைய கம்ப்யூட்டர் இருந்தது.

மாமியார் படுக்கையில் விழுந்த புதிதில் வந்த வயர். ஆபீசில் யூனிக்ஸ் மெஷின் என்று ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. கம்பெனியின் சரக்குக் கணக்கு மொத்தமும் அதன் வயிற்றில். அதைக் கட்டி மேய்க்கிறவன் இவன். அம்மாவைப் பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று மேனேஜரிடம் சொல்லி, கம்ப்யூட்டரை டெலிபோன் லைனில் இணைக்கும் ஒரு மோடத்தை வாங்கி வந்தான். அந்தப் பெட்டியைப் பிரித்தபோது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவள் கல்யாணத்தன்றும் பார்த்ததில்லை.

இங்கிருந்து கம்ப்யூட்டர் ஆபீஸ் நம்பரைப் போடும். அங்கே இன்னொரு மோடம் எடுக்கும். இரண்டும் கொஞ்ச நேரம் கீச்சுக் கீச்சென்று கத்தும். பிறகு அந்த மெஷின் பெயரைக் கேட்கும், பாஸ்வேர்டைக் கேட்கும், சரியாக இருந்தால் உள்ளே விடும். முதல்நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு மாமியார் யார் கத்துவது என்று விசாரித்தாள். ரெண்டு மெஷின் பேசிக்கொள்கிறது என்று மருமகள் சொன்னாள்.

"பேசுற மாதிரி இல்லையே. பாகப்பிரிவினை மாதிரில்ல இருக்கு."

ஆனால் இணைப்பு நிலைக்கவில்லை. வந்து வந்து அறுந்தது. ஏன் அறுகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாக அடைத்தான்.

முதல் காரணம் மாமியார். அவள் தலைமாட்டிலும் அதே லைனில் ஒரு டெலிபோன் இருந்தது. அதற்கு உயிர் இருக்கிறதா என்று அடிக்கடி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பாள். வேறு ஊரிலிருக்கும் மூத்த மகள், பெரியவள், கூப்பிடும்போது அது செத்துக் கிடந்துவிடக் கூடாதே என்று பயம். யார் எங்கே ரிசீவரை எடுத்தாலும் இணைப்பு போய்விடும். மகன் ஒருநாள் வந்து அந்த டெலிபோனைப் பிடுங்கிக்கொண்டு போனான். கூடத்தில் இருப்பதையும் மோடம் ஓடும்போது ஒருவரும் தொடக்கூடாது என்று உத்தரவு.

அடுத்து, வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் குறுக்கே ஒரு 'பீப்' வந்து அறுத்தது. நம்பருக்கு முன்னால் ஏதோ எண்களைச் சேர்த்து அதையும் நிறுத்தினான். அதன் பிறகு கூப்பிடுகிறவர்களுக்கு எங்கேஜ்டு சத்தம்தான். சொந்த டெலிபோன் இல்லாத பக்கத்து வீட்டு டீச்சர், ஒரு வார்த்தை பேச வந்து மூன்று முறை திரும்பிப் போனாள். "உங்க வீட்டு ஃபோனுக்கு ரேஷன் கடை க்யூ தேவல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசியாக, அந்த யூனிக்ஸ் மெஷினே ஒரு காரணம். கொஞ்ச நேரம் ஒன்றும் தட்டாமல் இருந்தால், ஆள் போய்விட்டான் என்று அதுவே துண்டித்துவிடும். அதற்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினான். அது சும்மா இருக்கும்போதெல்லாம் ஒரு புள்ளியைப் போட்டுக்கொண்டே இருக்கும்.

"நான் இருக்கேன், நான் இருக்கேன்னு அதுகிட்ட சொல்லிக்கிட்டே இருக்கும்" என்று மனைவிக்கு விளக்கினான். "இனிமே நானாக் கட் பண்ணாத்தான் உண்டு."

பெரியவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டவள். வாசல்படி மிதிக்காதே என்று சொன்னது இதே மாமியார்தான். படுத்த பிறகு எல்லாம் கரைந்துவிட்டது. கஞ்சி ஊட்டினால் பெரியவள் சாப்பிட்டாளா என்பாள். மகன் வந்து எதிரே நின்றால் பெரியவள் பேசினாளா என்பாள். பெரியவள் புருஷனுக்கு அப்போதுதான் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வருகிறேன் என்றிருந்தாள். அதற்குள் அம்மாவுக்கு மோசம் என்று கேள்விப்பட்டு, மாமியார் போவதற்கு முந்தின நாள் மாலை கூப்பிட்டாள். நாளைக் காலையில் பேசுகிறேன், ரிசீவரை அம்மா காதில் வைத்துவிடு என்று மருமகளிடம் சொன்னாள்.

கணவன் சாப்பிடும்போது மருமகள் அதைச் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"பாத்துக்கிறது நான். கேக்கறது அவள."

பீத்துணி அலசுவது யார் என்று அவள் கேட்டிருக்கலாம். அவனுக்கு இன்னொரு கரண்டி மோர் ஊற்றினாள்.

மறுநாள் காலையில் மாமியாருக்கு நல்ல தெளிவு. தலையை வாரிவிடச் சொன்னாள். ஃபோனில் பேசத் தலை எதற்கு அத்தை என்று மருமகள் கேட்டாள்.

"பேசப்போறது அவளாச்சே."

மருமகள் கட்டிலை அறை வாசலுக்கு இழுத்துப் போட்டாள். ரிசீவரின் சுருள் வயர் அதுவரை நீளுமா என்று கண்ணாலேயே அளந்துகொண்டாள். பிறகு இருவரும் காத்திருந்தார்கள். டெலிபோன் அடிக்கவில்லை. கடைசி அறையிலிருந்து கீச்சுச் சத்தம் வந்து அடங்கியிருந்தது மருமகளுக்கு ஞாபகம் வந்தது. எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள்.

அவன் கம்ப்யூட்டர் முன்னால் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான். மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் வேலை ஏதுமில்லை, வெறும் புள்ளிகள். அவள் பார்க்கும்போதே ஒன்று வந்து விழுந்தது.

"ஏங்க, வேல முடியலையா?"

"ஓடிட்டிருக்கு."

"அண்ணி பேசுறேன்னாங்களே."

"தெரியும்."

நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான். அடுத்த விரலுக்குப் போனான்.

அவள் கூடத்துக்கு வந்து டெலிபோன் பக்கத்தில் நின்றாள். எடுத்தால் கட்டாகிவிடும். எடுத்து வைத்தால் போதும், அந்தப் பக்கத்திலிருந்து மணி வந்துவிடும். கை ஈரமாக இருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு நின்றாள்.

"அடிச்சுதா?" என்றாள் மாமியார்.

"இன்னும் இல்ல அத்தை."

மாமியார் வாரிய தலை கலையாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மத்தியானம் கஞ்சியோடு போய் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

கூடத்தில் கிடத்தியான பிறகு அவனே போய் மோடத்தை அணைத்தான். எல்லாருக்கும் சொல்லியாக வேண்டுமே. அக்காவுக்கு நீயே சொல்லிவிடு என்று டெலிபோனை மனைவி பக்கம் நகர்த்தினான். மணி ஒருமுறை அடிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டாள்.

"அப்பாடா. காலைலேருந்து அடிக்கிறேன், எங்கேஜ்டாவே இருக்கு. அம்மா முழிச்சிருக்காங்களா? காதுல வை."

மருமகள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

பெரியவள் மறுநாள் காலை வந்து சேர்ந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தலையை யார் இவ்வளவு அழகாக வாரிவிட்டது என்று கேட்டாள். ஆபீசில் ஒரு சிக்கல், லைனிலேயே இருக்க வேண்டியதாகிவிட்டது என்று தம்பி சொன்னான். பெரியவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ கூடவே இருந்து பார்த்தாய், எனக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று அழுதாள். வீட்டிலேயே ஆபீசைக் கொண்டுவந்து வைத்துத் தாயைப் பார்த்த பிள்ளை என்று வந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவன் தலை குனிந்துகொண்டான். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

எல்லாம் முடிந்து திரும்பினார்கள். அவன் குளித்துவிட்டு, இரண்டு நாள் கணக்கு தேங்கிக் கிடக்கிறது என்று கடைசி அறைக்குள் போனான். மருமகள் அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பத்திரமாக இருக்கிறேன் என்று வீட்டுக்குச் சொல்லப் பெரியவள் டெலிபோனை எடுத்தாள்.

எடுத்தவள் பேசவில்லை. நம்பரும் போடவில்லை. காதில் வைத்தபடி நின்றாள். தூரத்தில் நின்ற மருமகளுக்கே அந்த இரைச்சல் கேட்டது. பிறகு அது அறுந்தது.

"யாரு ஃபோன எடுத்தது?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எடுத்தா கட்டாயிடுமா?" என்று பெரியவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா அண்ணி."

"யாரு எடுத்தாலுமா?"

மருமகள் கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தாள். அதில் தேய்க்க ஒன்றும் மிச்சமில்லை.

பெரியவள் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ரிசீவரைத் திரும்ப வைக்காமல், டெலிபோனுக்குப் பக்கத்தில், மேசைமேல் படுக்க வைத்தாள். அம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே மோடம் நம்பரைப் போடப் பார்த்தது. ஒரு 'டக்', பிறகு மௌனம். மறுபடி ஒரு 'டக்'.

"ஏய், அத எடுத்து வை."

மருமகள் கூடத்துக்கு வந்து மேசையருகே நின்றாள். கை ஈரமாக இருந்தது. முந்தானையில் நிதானமாகத் துடைத்துக்கொண்டாள். சுவரோரம் கிடந்த மாமியாரின் சீப்பை எடுத்து அதிலிருந்த வெள்ளை முடியைச் சுருட்டினாள்.