ஆல்ஃபர்டுக்கு ஒரு குழி

அப்பா பிணவறையில் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை அடக்கம், குழிக்கு இன்னும் இடமில்லை. டேக்கர்ஸ் என்ற எங்கள் குடும்ப நிலத்தில், தன் தாய்க்குப் பக்கத்தில் புதைக்கச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தார். நிலத்தைக் காத்துவரும் லாசெல்ஸ், அவருடைய கடைசித் தம்பி, என்னைக் கேட்டைத் தாண்ட விடவில்லை.

"எங்கண்ணன் ஆல்ஃபர்ட் கியூபாவுல கரும்பு வெட்டப் போய் அங்கயே செத்துட்டாரு. நீ எவனையோ கொண்டாந்து இங்க புதைக்கப் பாக்குறியா?"

"அவரு சாகலை, சித்தப்பா. எழுதத் தெரியாத மனுஷன், சேதி அனுப்பலை. திரும்பி வந்தப்ப உங்கம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இங்க வருவாரு?"

"சித்தப்பாவாம்! நல்லா உறவு கொண்டாடுற. எழுத்துல காட்டு."

அப்பாவின் காகிதங்களைக் கியூபாவிலேயே புயல் கொண்டுபோயிருந்தது. மிஞ்சியது பிளாக் ரிவர் ஊர் நூலகத்தின் பழைய செய்தித்தாள்கள்தான். எங்கள் பக்கத்தில் யார் செத்தாலும் பிள்ளைகள் பெயரையும் அவர்கள் இருக்கும் ஊரையும் பேப்பரில் போட்டுவிடுவார்கள். 'கியூபாவில் உள்ள மகன் ஆல்ஃபர்ட்' என்று ஒரு வரி கிடைத்தால் போதும், இவர் வாயை அடைத்துவிடலாம் என்று நம்பினேன். நான் தோற்பதை வேடிக்கை பார்க்கவே அவரும் கூட வந்தார். அந்தப் பிடிவாதம் அப்படியே அப்பாவுடையது.

பாட்டி செத்த முப்பத்தெட்டாம் வருஷத்துச் செய்தித்தாள் கட்டைப் புரட்டிய நூலகர் மிஸ் டலக் நிறுத்தி, மெல்லப் படித்தார்: "மகன் ஆல்ஃபர்ட் கியூபாவில் முன்பே காலமானார். அவர் கல்லறை அருகிலேயே அன்னைக்கும் அடக்கம்."

"கேட்டுக்கிட்டியா?" என்றார் லாசெல்ஸ்.

செத்தவர் என்று அச்சிலேயே போட்டாகிவிட்டது, இனி யார் என்னை நம்புவார்கள்? ஒரு சேதி சொல்லி அனுப்பாத அப்பா மேலேயே ஆத்திரம் பொங்கியது. அந்த வரியை நானே மறுபடி படித்தேன். அவர் கல்லறை அருகிலேயே.

"கியூபாவுல செத்தவர் உடம்பை இங்க யாரு கொண்டாந்தா, சித்தப்பா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்தக் கல்லறைக்குள்ள என்னதான் இருக்கு?"

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பத்து வருஷமா ஒரு சேதியும் இல்ல. அம்மா அவருக்கு ஒன்பதாம் ராத்திரிச் சாவுச் சடங்கு நடத்தி அழுது முடிச்சாங்க. உடம்புதான் இல்லையே... அவரு விட்டுட்டுப் போன, சர்ச்சுக்குப் போடுற ஞாயித்துக்கிழமைச் சட்டைய மடிச்சு வெச்சுப் புதைச்சாங்க. நான்தான் பெட்டியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"சட்டைக்குச் சொந்தக்காரர் வந்துட்டாரு, சித்தப்பா," என்றேன். "கல்லறையத் திறங்க."