ஓடைப் பாறைக் குருவி

அன்று ஓடையோரம் நின்றவர்கள்: பள்ளிக்கூட மாஸ்டர் அருளப்பன், அக்கரப்பத்தனையில் கடை வைத்திருந்த ராசிக் நானா, கொழுந்து பறிக்கும் ராக்காயி, தேயிலைப் பேக்டரியில் இரவு வேலை பார்த்த சோலைமலை. கொழும்புச் சங்கம் ஒன்றுக்காகச் சம்பளமில்லாமல் குருவி எண்ணினார்கள். ஐம்பத்தெட்டாம் வருஷம். அதற்குப் பிறகு எந்த விடியலுக்கும் சோலைமலை அப்படிக் காத்திருந்ததில்லை.

விடியலில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிடத் தப்புப் பறை அடித்தால் குருவிகள் கலைந்துவிடும். "நாங்க ஓடைய விட்டு ஏறுனப்புறம் அடி மச்சான்" என்று தப்படிக்கும் வீரய்யாவிடம் முதல்நாளே சொல்லி வைத்தவன் சோலைமலைதான்.

வேலை நேரத்தில் நழுவியது தெரிந்தால் வேலை போய்விடும். மணி பார்க்கத் தெரியாத கூட்டாளி சின்னராசாவிடம், "தப்புச் சத்தம் கேட்டதும் அரைச்ச கொழுந்த அடுப்புல போட்டுரு" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு வந்திருந்தான். நேரம் தவறினால் அரைத்த கொழுந்து புளித்து வீணாகிவிடும்.

மாஸ்டர் மூன்று வருஷமாகத் தேடிய கருநீலக் குருவி பாறையில் வந்து உட்கார்ந்து, நீளமாக விசிலடித்தது.

"இதுக்கா நானா கடைய பூட்டிட்டு வந்தீங்க?" என்று ராக்காயி கிசுகிசுத்தாள்.

"சும்மா இரி புள்ள, பறந்திரும்."

நன்றாக வெளுத்த பிறகுதான் சோலைமலைக்கு உறைத்தது. தப்பு இன்னும் அடிக்கவில்லை. விழுந்தடித்து ஓடினான்.

பேக்டரி முழுக்கப் புளித்த வாடை. சின்னராசா இன்னும் தப்புக்காகக் காத்து நின்றான்.

"எங்கடா போயிருந்த?" என்றார் பேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர்.

"குருவி எண்ணப் போனேங்க."

"எத்தன இருந்திச்சு?"

"ஒண்ணுங்க."

"போ. அதையே எண்ணிக்கிட்டு கெட."

அவனை வெளியே தள்ளி, டீமேக்கர் கதவைச் சாத்திப் பூட்டினார்.