ரவைத் தட்டு

அஸாருதீன் ஐந்தரைக்கு எழுந்தான். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இரண்டு டிரம்மையும் நிரப்பினான். பல் துலக்கினான். பால் பாத்திரத்தைக் கையில் எடுத்த பிறகுதான் நினைவு வந்தது, மௌத்தான வீட்டில் இறந்தவருக்காக மூன்று நாள் அடுப்பு மூட்டக் கூடாது. இன்று மூன்றாம் நாள். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தான்.

மகள் சாயிமாவை எழுப்பி முகம் கழுவிவிட்டான். அவனுக்குச் சடை பின்னத் தெரியாது. எட்டு வயதுக்காரி தானே ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுக்கொண்டாள்.

வெளியே மழை. தாராவியின் தகரக் கூரைகள் மேல் அது வேறு ஏதோ ஊரில் பெய்வதுபோல் கேட்டது. மூன்று நாளாக எல்லாமே அப்படித்தான். துக்கம் கேட்க வந்தவர்கள் தண்ணீருக்கு அடியில் நின்று பேசுவதுபோல் இருந்தது. அவர்கள் வாய் அசைவது தெரிந்தது. அவன் தலையாட்டினான்.

சாயிமா இரும்பு ஏணியில் ஏறி மேல் அறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தாள்.

"வாப்பா, என் தட்டக் காணோம்."

அகலமான எவர்சில்வர் தட்டு. அதில் விரல் தடிமனுக்கு ரவை பரப்பியிருக்கும். காகிதத்தில் எழுத்துகள் சாயிமாவுக்கு நிற்பதில்லை, நகர்ந்துவிடுகின்றன என்பாள். பள்ளிக்கூடத்தில் சோம்பேறி என்றார்கள். அவன் மனைவி ஆஸியாதான் அவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், டிஸ்லெக்சியா என்ற பெயரோடு திரும்பி வந்தாள். ரவையில் விரலால் பெரிதாக எழுதவும், எழுதும்போதே சத்தத்தை வாய்விட்டுச் சொல்லவும் அங்கே ஒரு பெண் சொல்லிக்கொடுத்திருந்தாள். சாயங்காலங்களில் மேலே இரண்டு தலைகள் தட்டின் மேல் குனிந்திருக்கும். ஓர் எழுத்து, தட்டை ஓர் ஆட்டு, மறுபடி வெறும் ரவை. தப்பானதும் போயிற்று, சரியானதும் போயிற்று என்று ஆஸியா சிரிப்பாள். கீழே படுத்திருக்கும் அவனுக்கு அந்தச் சத்தம் அலை மணலை இழுப்பதுபோல் கேட்கும். அவன் ஒருநாளும் ஏறிப் பார்த்ததில்லை. ரெண்டு அடி போட்டால் தானாகப் படிப்பாள் என்று ஒருமுறை சொன்னான்.

அலமாரிக் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. நாளை காலை பத்து மணி, சாயிமாவுக்குப் பரிசோதனை. ஏழு மாதம் காத்திருந்து வாங்கிய தேதி. அதற்குப் பிறகுதான் சான்றிதழ். அது இருந்தால் பரீட்சையில் கூடுதல் நேரம் கிடைக்கும், கேள்வியை வாசித்துக் காட்ட ஆள் வைப்பார்கள். தவறினால் மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும்.

மதியம் லுஹர் தொழுகைக்கு முன்பு சுலைகா மாமி குடையோடு வந்தாள். இரண்டு சந்து தள்ளி இருக்கும் அவன் வாப்பாவின் தங்கை. மூன்றாம் நாள் பாத்திஹா ஓதியதும் கொடுப்பதற்கான கேசரியைத் தன் வீட்டிலேயே கிண்டி எடுத்து வந்திருந்தாள். மேலே இருந்த தட்டைப் பார்த்தீர்களா என்று கேட்டான்.

"நாந்தாம்ல எடுத்துட்டுப் போனேன். மழை ஈரத்துல வண்டு வுழுந்துருமேன்னு. மாடியில ரவைய யாராவது தொறந்து வைப்பாகளா? நல்லா சலிச்சி, நெய் விட்டு வறுத்து, இந்தா." சட்டி மூடியைத் திறந்தாள். ஏலக்காய் மணந்தது.

சாயிமா சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

மாமி அவளைப் பார்த்தாள், பிறகு அவனை. தட்டு எதற்கென்று அவன் இரண்டே வாக்கியத்தில் சொன்னான். மாமி மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு யார் சொன்னா என்று மெதுவாக முனகினாள். பிறகு அலமாரிச் சீட்டைப் பார்த்துவிட்டு, நாற்பது நாள் கழியட்டும், ஆஸ்பத்திரி எங்கே ஓடிப்போகிறது என்றாள்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து ஓதினார். ஆமீன், ஆமீன் என்ற குரல்கள் எழுந்து அடங்கின. கேசரியைக் காகிதத் தட்டுகளில் வைத்துக் கொடுத்தார்கள். அஸாருதீன் தன் பங்கைத் தின்றான். இனிப்பாக இருந்தது.

ஆட்கள் போன பிறகு பார்த்தான். சாயிமா மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஆறிப்போன கேசரியைத் தட்டு முழுக்கத் தட்டையாக அமுக்கி, ஆட்காட்டி விரலால் அதில் ஒரு வளைவு இழுத்திருந்தாள். தட்டை ஆட்டினாள். மறுபடி ஆட்டினாள்.

"அழிய மாட்டேங்குது வாப்பா."

அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினான். மெயின் ரோடு கடையில் ஒரு கிலோ ரவை வாங்கினான். பையைச் சட்டைக்குள் வைத்து மூடிக்கொண்டு வந்தான். மாமி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் போறோம் மாமி."

மாமி தன் கூடையிலிருந்து அந்த எவர்சில்வர் தட்டை எடுத்து முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

அவன் ஏணியில் ஏறினான். பின்னாலேயே சாயிமா ஏறினாள். கூரை தலையில் இடித்தது. குனிந்து உட்கார்ந்து பையின் முனையைக் கிழித்தான். ரவை தட்டில் விழுந்தது. அலைச் சத்தம்.

அவள் மௌத்தான அன்று காலையில் இதே ஏணியில்தான் ஆஸியாவைத் தோளில் சாய்த்து இறக்கினான். தலை வலிக்கிறது என்று வாந்தி எடுத்திருந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாக டாக்டர் சொன்னது பிறகு. டாக்ஸியில் அவள் கண் திறக்கவில்லை. வேறு ஏதாவது சொல்லியிருப்பாளா என்று மூன்று நாளாக யோசிக்கிறான். இல்லை. நான்காவது படியில், அவன் காதருகே, வழக்கமான குரலில் சொன்னதுதான்.

"மேல தட்டு இருக்கு, ஆட்டிராதிய. பிள்ளை பாதிதான் எழுதிருக்கா."