கேட்காமல் நிறுத்திய பாட்டு

1

வலது தோள் வலிக்கிறது. இந்தக் கதை அங்கிருந்துதான் தொடங்கியது, வேறெந்த உயர்ந்த இடத்திலிருந்தும் இல்லை.

கையை நெஞ்சு வரைக்கும் தூக்க முடியும். அதற்கு மேலே போனால் மூட்டுக்குள் யாரோ மணலைப் போட்டு அரைப்பதுபோல் இருக்கும். மீசை முளைக்கும் முன்பிருந்தே நைல் கரை ஜிரேஃபில், செங்கல் சூளையில் ஈரக்கல் சுமந்த தோள் இது. டாக்டர் ஓய்வு கொடுக்கச் சொன்னார். நல்ல மனுஷர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார். இப்போது ஒரு குழாய்க்கடையில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்த நேரத்தில் எழுதுகிறேன்.

நெஞ்சு வரை கை வந்தால் சாவு வீட்டுக்குப் போதும். பந்தலுக்குள் நுழைந்ததும் உள்ளங்கைகளை விரித்து ஃபாத்திஹா ஓத அவ்வளவுதான் வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போதாது. அங்கே கை தலைக்கு மேலே போகணும்.*

* பாட்டு சூடேறும்போது ஒருவர் எழுந்துபோய், பாடகர் தலைக்கு மேலேயோ மாப்பிள்ளை தலைக்கு மேலேயோ வலது கையை உயர்த்திச் சொடக்குப் போடுவார். சில ஊர்களில் ஒருவனைப் பார்த்துச் சொடக்குப் போட்டால் அடி விழுமாம். எங்களுக்கு அதுதான் மரியாதை. உங்கள் கல்யாணத்தில் ஒருவன் போட்டால், ஏதாவது ஒரு கல்யாணத்தில் அவன் தலைக்கு மேலே நீங்கள் திருப்பிப் போட்டாகணும். யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். யாரும் மறக்கவும் மாட்டார்கள்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"நீல நைலின்மேல் அந்தி சாய, தூரத்தில் எங்கோ ஒரு வயலின்—"

என் மனைவி பதூல் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "எந்த ஊரு நைல் இது? நம்ம கரையில சூளைப் புகைதானே இருக்கு. வயலின் எங்கேருந்து கேட்டுச்சு உனக்கு? ஜெனரேட்டர்தான் கேட்கும்."

அடித்துவிட்டேன்.

"கப்பாஷி ஒரு இசைப் பித்தன்."

"இதை அவன்கிட்ட படிச்சுக் காட்டு. கழுதை வண்டிய உன் மேலயே ஏத்துவான்."

இதையும் அடித்துவிட்டேன். இனி நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அழகு தானாக வந்தால் வரட்டும். வராவிட்டால் வராமலே போகட்டும்.

3

நாங்கள் மூன்று பேர். கப்பாஷி சூளையிலிருந்து கழுதை வண்டியில் கல் ஏற்றிப் போகிறவன். முதஸிர் சூளைக்குள் கல் அடுக்குகிறவன். அவன் அடுக்கினால் தீ மூலை முடுக்கெல்லாம் ஒரே மாதிரி பிடிக்கும். மூன்றாவது ஆள் நான்.

வெள்ளி விடுமுறை. எங்களுக்கு வாரக்கடைசி வியாழன் மாலையிலேயே தொடங்கிவிடும். ஆற்றில் இறங்கிக் காதுக்குள்ளிருந்தும் மூக்குக்குள்ளிருந்தும் கரியைக் கழுவுவோம். வெள்ளை ஜலாபியா அங்கியைப் போட்டுக்கொண்டு தெருமுனை டீக்காரம்மாவிடம் உட்கார்ந்து காது கொடுப்போம். எந்தப் பக்கம் ஒலிபெருக்கி இருமுகிறதோ அந்தப் பக்கம் நடப்போம். அழைப்பெல்லாம் கிடையாது. தெருவை அடைத்துக் கம்பளம் விரித்துவிட்டால் அது ஊர்க் கல்யாணம்.

எந்தப் பாடகர் வந்தாலும் கேட்போம். ஆனால் எங்கள் ஆள் நூருத்தாயிம். ரேடியோவில் வராதவர். குரல் கொஞ்சம் கரகரப்பு. இரண்டாம் சரணத்தில் அந்தக் கரகரப்பு ஒரு மாதிரி உடையும்—

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. அதைக் கேட்டால் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிடுவோம். போதும்.)

அவருக்கும் எங்களைத் தெரியும். மைக்கிலேயே கேட்பார்: "செங்கல்காரங்க வந்தாச்சா? வந்தாச்சுன்னா ஆரம்பிக்கலாம்." கப்பாஷி அக்கம்பக்கத்தில் எல்லோர் முகத்தையும் பார்ப்பான், கேட்டீர்களா என்று.

கீபோர்டில் முதல் விரல் விழும்போதே எந்தப் பாட்டு என்று சொல்லிவிடுவான். தப்பாகவும் சொல்வான்.

"தப்பாச் சொன்னேடா," என்பான் முதஸிர்.

"நான் சரியாத்தான் சொன்னேன். அவருதான் மாத்தி வாசிச்சுட்டாரு."

"ஆமாமா, உன்கிட்ட கேட்காம மாத்திட்டாரு. போய்க் காதைத் திருகிட்டு வா."

முதஸிர் ஆடமாட்டான். எந்தப் பாட்டுக்கு எழுந்திருக்கணும் என்று மட்டும் காத்திருப்பான். அந்தப் பாட்டு வந்ததும் நேராகப் போய், கையை உயர்த்தி, ஒரே ஒரு சொடக்கு. அந்தச் சத்தம் ஒலிபெருக்கியையும் தாண்டிக் கேட்கும். அவன் விரலெல்லாம் காய்ப்பு.

என் கல்யாணத்தில் என் தலைக்கு மேலே அப்படி ஒன்று போட்டான். அப்போது எனக்குத் தோள் நன்றாக இருந்தது.

4

கப்பாஷிக்குக் கல்யாணம் நிச்சயமானது. வியாழக்கிழமை, பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகைக்குப் பிறகு. பெண் வீட்டைவிட அவன் அதிகம் கவலைப்பட்டது நூருத்தாயிமின் தேதிக்காகத்தான். தேதி கிடைத்தது. மூன்று பேரும் டீக்காரம்மாவிடம் உட்கார்ந்து எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு என்று சண்டை போட்டோம்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்னால், சனிக்கிழமை காலையில் முதஸிரின் அப்பா ஹாஜ் இத்ரீஸ் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார்.

கப்பாஷி வீட்டுக்கும் முதஸிர் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

கல்யாணத்தைத் தள்ளிவைப்பதில்லை. பாட்டுதான் கேள்வி. துக்கம் நடந்த தெருவில் பாட்டு வைக்கணும் என்றால் துக்க வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். அவர்கள் "வையுங்க" என்பார்கள். வேண்டாம் என்று சொன்ன வீட்டை நான் பார்த்ததில்லை. அப்படிச் சொல்வதோடு நிற்காமல், அவர்களில் ஒருவர் வந்து முதல் சொடக்கையும் போடுவார். அதோடு தெரு மறுபடி பாடலாம்.

ஞாயிறும் திங்களும் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். ஃபாத்திஹா. தண்ணீர். டீ. ஆற்றில் வெள்ளம் ஏறுகிறதா என்ற பேச்சு. முதஸிர் ஒவ்வொருவருக்கும் எழுந்து எழுந்து கை கொடுத்துக்கொண்டிருந்தான். நடுநடுவே எங்களைப் பார்த்தான். நான் கப்பாஷியின் முழங்காலை இடித்தேன்.

"கேளுடா."

"எதை?"

"எதைன்னா? கழுதைக்குப் புல்லையா கேட்கச் சொல்றேன்?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "கேட்டா அவன் சரின்னுதான் சொல்லுவான். வேற என்ன சொல்ல முடியும் அவனால? அப்பன் குழி மண்ணு இன்னும் காயலை, அதுக்குள்ள அவன் வாயிலேர்ந்து 'பாடு'ன்னு வர வைக்கணுமா? அது பாவம்டா."

சொன்னவன் எழுந்தான். பந்தலுக்குப் பின்னால் போய் போனில் பேசினான். நூருத்தாயிமிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். கப்பாஷியை ரொம்ப நல்லவனாக எழுதிவிட்டேனோ? மனசிரக்கம் பாதி. மீதிப் பாதி, முதஸிர் முகத்தைப் பார்த்துக் கேட்கப் பயம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கடைக்கு வந்தான். காட்டினேன்.

"பயம்னு போடாதே."

"வேற என்னன்னு போட?"

ஒரு பி.வி.சி. குழாயை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "சரி, பயம்னே போடு. ஆனா சின்னதாப் போடு."

(பயம்.)

"அப்புறம் என் கழுதையப் பத்தி நல்லதா ஒண்ணும் வரலையே?"

நல்ல கழுதை. எழுதிவிட்டேன்.

6

செவ்வாய்க்கிழமை, பந்தலின் கடைசி நாள், நூருத்தாயிமே துக்கம் கேட்க வந்தார். மைக் இல்லாமல் அவர் குரலைக் கேட்பது புதிதாக இருந்தது. ஃபாத்திஹா ஓதி முடித்து உட்கார்ந்தவர், நல்லெண்ணத்தில்தான் சொன்னார்: "கப்பாஷி பெரிய மனசுக்காரன். உங்க துக்கத்துக்காகப் பாட்டே வேண்டாம்னுட்டான். நான் வியாழக்கிழமைக்கு ஹாஜ் யூசுஃப் ஊர்ப்பக்கம் வேற கல்யாண வீடு ஒத்துக்கிட்டேன்."

முதஸிர் தலையாட்டினான். வாசல் வரை போய் அவரை வழியனுப்பினான். திரும்பி வந்து எங்கள் எதிரே உட்கார்ந்தான். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"பாடகர்கிட்ட சொல்லியிருக்கே," என்றான்.

கப்பாஷி டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"ஜெனரேட்டர்காரன்கிட்ட சொல்லியிருக்கே. நாற்காலிக்காரனுக்கும் தெரியும். என்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்கலை."

"உனக்குச் சங்கடம் வேண்டாம்னுதான்—"

"நான் அந்நியனா, கப்பாஷி? மூணு நாளா வர்றவங்க எல்லாம் எனக்கு ஏதோ குடுத்துட்டுப் போறாங்க. நான் திருப்பிக் குடுக்க என்கிட்ட இருந்தது அந்த 'வையுங்க' ஒண்ணுதான். நீ கேட்பேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். எங்கம்மாகூட காலையில கேட்டாங்க, 'பையன் இன்னும் கேட்கலையா'ன்னு."

எழுந்து புதிதாக வந்த ஆட்களுக்குக் கை கொடுக்கப் போய்விட்டான்.

இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்கணும் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. டீ ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்தேன்.

7

வீட்டில் பதூலிடம் சொன்னேன்.

"ரெண்டு பேரும் இப்போ போய்க் கேளுங்க," என்றாள்.

"எதைக் கேட்க? பாடகர் வேற ஊருக்குப் போறாரு. வைக்கிறதுக்குப் பாட்டே இல்லையே."

"பாட்டு இல்லாட்டி என்ன? கேளுங்க. ஆம்பளைங்க மூணு பேரு சேர்ந்தும் ஒரு வாய்க்குச் சமமில்ல."

புதன் மாலை போனோம். பந்தலைப் பிரித்துவிட்டிருந்தார்கள். வாசலில் கம்பு நட்ட குழிகள் மட்டும். உட்கார்ந்தோம். ஆற்றைப் பற்றிப் பேசினோம், கல் விலை பற்றிப் பேசினோம். கப்பாஷி தொண்டையைச் செருமினான். கழுதைக்குக் கால் வீக்கம் என்று சொன்னான். மறுபடி செருமினான்.

கேட்கவில்லை.

கிளம்பும்போது முதஸிர் வாசல் வரை வந்தான்.

"நாளைக்கு எப்போ?"

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நீ சொல்லணும்."

"மக்ரிபுக்கு அப்புறம்," என்றான் கப்பாஷி.

"சரி," என்றான் முதஸிர். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. கதவை மெதுவாகத்தான் சாத்தினான். மெதுவாகச் சாத்தியதற்கு என்ன அர்த்தம் என்று, என்னை வீடு வரை கொண்டுவிட வந்த கப்பாஷி வழியெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தான். அந்தக் கேள்விகளையெல்லாம் அவனால் கேட்க முடிந்தது.

8

முடிவுகள்.

ஒன்று: பாட்டில்லாத கல்யாணத்துக்குள் முதஸிர் ஒரு காலித் தண்ணீர் டின்னோடு வருகிறான். மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்து தட்ட ஆரம்பிக்கிறான். தெருவே சேர்ந்து பாடுகிறது. கப்பாஷி அழுகிறான்.

பதூல் படித்தாள். "ரமலான் மாசம் டிவியில போடுற நாடகம் மாதிரி இருக்கு. விளம்பரம் எங்கே வரும்?"

அடித்துவிட்டேன். முதஸிர் டின் தட்டுகிற ஆளும் இல்லை.

இரண்டு: அவன் வரவில்லை. கப்பாஷி மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து தெருமுனையையே பார்க்கிறான். சாப்பாடு பரிமாறுகிறார்கள். அடுத்த வியாழன் டீக்காரம்மா மூன்று கண்ணாடி டம்ளர் எடுத்துவைக்கிறாள். பிறகு ஒன்றை—

இதை முடிக்கவில்லை. பதூல் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மூன்றாவது என்னிடம் இல்லை. இன்று வியாழக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகைக்கு அழைத்து முடித்துவிட்டார்கள். கல்யாணம் இன்னும் நடக்கவில்லை. நடக்காததை எழுதி வைத்துவிட்டு, சாயங்காலம் அதே மாதிரி நடக்கிறதா என்று பார்க்கப் போகிறவன் நானில்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது அது எப்படியோ நடந்து முடிந்திருக்கும். முதஸிரை வரவைப்பதா வேண்டாமா என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வரவைத்தால் ஒன்று மட்டும்: அவன் வாயில் வசனம் எதுவும் கொடுக்காதீர்கள்.

9

ஜலாபியாவைத் தேய்த்து ஆணியில் மாட்டியிருக்கிறாள் பதூல். போட்டுக்கொள்வதற்குக் கை தூக்கணும். அவள்தான் உதவணும். ஆணியில் மாட்டும்போது கேட்டாள்: "அவன் வந்தா என்ன பண்ணப் போறே?"

"ஃபாத்திஹா ஓதிக் கை குடுப்பேன்."

"அதான் மூணு நாளாக் குடுத்தியே."

கதவோரம் நின்று வலது கையைத் தூக்கிப் பார்த்தேன். நெஞ்சு வரை வந்தது. தாடை வரை வந்தது. அதற்கு மேல் கண்ணில் தண்ணீர் வந்தது, கை வரவில்லை. இடது கையால் போடலாமே என்று நீங்கள் சொல்லலாம். இடது கையால் யாரும் போடுவதில்லை.

கப்பாஷி வீட்டுப் பக்கமிருந்து நாற்காலி இறக்குகிற சத்தம் கேட்கிறது. ஜெனரேட்டர் சத்தம் இல்லை.

கப்பாஷி கேட்க வேண்டிய ஒரு வார்த்தை இன்னும் அவன் தொண்டையிலேயே இருக்கிறது. அது அவன் பாடு. என் கணக்கு வேறு. என் கல்யாணத்தில் முதஸிர் என் தலைக்கு மேலே போட்ட சொடக்கை நான் திருப்பிப் போடணும். வலது கையால், அவன் தலைக்கு மேலே. இன்னும் போடவில்லை.